மூணு மணி ஆனால் அம்மாவுக்கு நாவல்!

சரியாக மூணு மணிக்கு அம்மா கட்டிலை விட்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவாள். மர நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "என்ன, ஆரம்பிக்கலாமா?" என்பாள். கச்சேரிக்கு வந்த ரசிகை மாதிரி. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடையாளம் வைத்த பக்கத்தைப் புரட்டுவேன். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு மத்தியானம் இப்படித்தான் போகிறது.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகிற வியாதி. டாக்டர் 'மாக்குலர் டீஜெனரேஷன்' என்றார். இதில் முழு இருட்டு இல்லை. ஓரம் தெரியும், நடு தெரியாது. "உன் தலைமுடி தெரியறது, காது தெரியறது, முகம் மட்டும் காணோம்" என்று அம்மா சொன்ன அன்று நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். எழுத்தும் அப்படித்தான். பார்க்கிற எழுத்து மட்டும் மறைந்துவிடும்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, பதினேழு வயதில் கல்யாணமாகி வந்தவள். ஆனால் ஒரு நாளும் படிக்காமல் தூங்கியதில்லை. அவளுக்குக் கை கால் போயிருந்தால்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டாள். பேத்தி செல்போனில் ஒலிப்புத்தகம் போட்டுக் கொடுத்தாள். இரண்டு நாள் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் படிக்கிறான். ஆனா நடுவுல 'நிறுத்துடா, அது என்ன அப்படிச் சொல்றா?'ன்னு கேட்டா பதில் சொல்வானா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெறவும் இது ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. அம்மாவுக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினைந்து, இருபது வயதில் நான் படித்து முடித்துவிட்டதாக நினைத்த நாவல்களை அறுபதில் சத்தமாகப் படிக்கிறபோதுதான், அவற்றில் பாதியை நான் படிக்கவே இல்லை என்று தெரிந்தது.

சேற்றில் சிக்கிய வந்தியத்தேவன்

முதலில் எடுத்தது 'பொன்னியின் செல்வன்'. வேறு எதைச் சொல்வாள்! கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை முதல் தடவை வந்த தொடர். பிறகு பல தடவை மறுபடியும் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது அப்படி வந்த ஒரு சுற்றில்தான் அம்மா சேர்த்தாள். வாரா வாரம் பின்னைக் கழற்றி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி, கோணி ஊசியால் தைத்து வைப்பாள். ஒரு பாகம் முடிந்ததும் கடைத்தெரு பைண்டரிடம் காலிகோ போட்டு வாங்குவாள். கதைப் பக்கத்தின் பின்னால் என்ன இருக்கிறதோ அதுவும் கூடவே பைண்டாகிவிடும். எங்கள் வீட்டு இரண்டாம் பாகத்தில் ஒரு சமையல் குறிப்பு பாதியில் நிற்கிறது. 'பிறகு பாகு பதம் வந்ததும்' என்று முடிந்துவிடும். அந்த மீதியை யோசித்து யோசித்து அம்மா ஒரு பர்பி செய்தாள். பல்லுக்குத்தான் சோதனை.

அந்த இரண்டாம் பாகத்தில் ஒரு இதழ் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. கோடிக்கரையில் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடுகிற வந்தியத்தேவன் சேற்றுப் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிற கட்டம். எங்கள் புத்தகத்தில் அவன் அமிழ்ந்துகொண்டே இருப்பான். அடுத்த பக்கத்தில் திடீரென்று கரையில் இருப்பான். நான் படித்தபோது, "நடுவுல என்னம்மா ஆச்சு?" என்று கேட்டதற்கு அம்மா விளக்கமாகச் சொன்னாள். பூங்குழலி முந்தானையைக் கயிறு மாதிரி முறுக்கி வீசினாளாம். இழுப்பதற்கு முன்னால், 'பொம்பளைப் பிள்ளை பின்னால் ஓடி வருவியா, இனிமேல் ஓடி வருவியா' என்று அரை மணி நேரம் திட்டினாளாம். அவன் கழுத்து வரை சேற்றில் நின்றபடி, 'இல்லை, இல்லை' என்றானாம்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இப்போது எந்தக் கடையிலும் முழுப் புத்தகம் கிடைக்கிறது. ஐந்து பாகமும் புதிதாக வாங்கினேன். அந்த அத்தியாயம் வந்தது. படித்தேன். முந்தானையும் இல்லை, அரை மணி நேரத் திட்டும் இல்லை.

"என்னம்மா, நீ சொன்னது எதுவுமே இதுல இல்லியே?"

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "நானும் அந்த வாரம் படிக்கலியே! ஆனா திட்டியிருக்கணும்டி. நான் எழுதியிருந்தா திட்டாம விட்டிருக்க மாட்டேன்."

மொத்தம் 293 அத்தியாயங்கள். தினம் இரண்டு வீதம் ஐந்து மாதம் ஓடியது. பதினாறு வயதில் எனக்குக் குந்தவைதான் எல்லாம். பரீட்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குந்தவையின் கொண்டையை வரைந்து வைத்திருந்தேன். இப்போது சத்தமாகப் படிக்கும்போது குந்தவை கொஞ்சம் அலுத்தாள். எல்லாம் தெரிந்தவள், எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறவள். ஆபீஸில் இப்படி ஒரு மேலதிகாரியிடம் எட்டு வருஷம் இருந்திருக்கிறேன். நந்தினி வாயைத் திறந்தால்தான் என் குரலே மாறியது. தான் யார் பெண் என்பதே நிச்சயமில்லாமல், எல்லோரும் தனக்குச் செய்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு அலைகிற பெண். கெட்டவள் என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை.

அம்மாவின் கட்சி வேறு. அவள் பெரிய பழுவேட்டரையர் கட்சி. எனக்கு அந்தக் காலத்தில் அவர் வெறும் கேலிப் பாத்திரம். வயதான காலத்தில் இளம் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஏமாறுகிறவர். ஐந்தாம் பாகத்தில், ஆதித்த கரிகாலன் கொலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு அவர் உயிரை விடுகிற இடத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தனை பேரும் அந்தக் கிழவரைப் பார்த்துச் சிரிச்சாங்க. கடைசில 'நான்தான் செஞ்சேன்'னு சபையில எழுந்து சொன்னது அவர் ஒருத்தர்தானே?" கொலையாளி இவர்தான் என்று கல்கி எங்கும் அடித்துச் சொல்லவில்லை என்று விவாதிக்கப் பார்த்தேன். "யார் செஞ்சா என்ன? யார் ஒப்புக்கிட்டாங்கிறதுதான் கதை" என்றாள். அந்த வாக்கியம் பின்னால் எனக்கு வேறொரு இடத்தில் ஞாபகம் வரும் என்று அப்போது தெரியாது.

மணிமேகலையைப் பற்றி எழுதினால் இடம் போதாது. அந்தப் பெண்ணின் கடைசி அத்தியாயத்தை நான் படித்து முடிக்கவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

வம்பர் மகாசபை எங்கள் தெருவிலும்...

அடுத்தது 'கமலாம்பாள் சரித்திரம்'. இது என் தேர்வு. தமிழின் ஆரம்ப கால நாவல்களில் ஒன்று. வத்தலக்குண்டு பி.ஆர். ராஜம் ஐயர் எழுதி, 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் தொடராக வந்தது. ஆசிரியர் 1898-ல் காலமானபோது அவருக்கு வயது இருபத்தாறு. இதைச் சொன்னதும், "ஐயோ பாவம், குழந்தை" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவர் எழுதியதில் என்ன குறை வந்தாலும், "சின்னப் பையன்தானே, விடு" என்று மன்னித்துக்கொண்டே வந்தாள்.

கல்லூரியில் இது எங்களுக்குப் பாடம். 'நாவலின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று பத்து மார்க் கேள்விக்குப் படித்ததோடு சரி. அதில் சிரிக்க இடம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. தமிழ் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வருகிற இடங்களில் அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுப் பெண்மணி, "என்ன மாமி, டி.வி-யில என்ன ஓடுது?" என்று எட்டிப் பார்த்தார். சிறுகுளம் கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடி ஊர்க்கதை அளக்கிற 'வம்பர் மகாசபை' வந்ததும் அம்மா ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெயர் சொன்னாள். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுத முடியாது. நாளைக்கு எனக்குப் பால் வாங்க வெளியே போக வேண்டும்.

ஆனால் அந்த வம்பு விளையாட்டல்ல. நாவலின் முதல் பெயரே 'ஆபத்துக்கிடமான அபவாதம்'. பிள்ளை காணாமல் போகிறது. கமலாம்பாளைப் பற்றி ஊர் பேசுகிறது. கணவர் முத்துசுவாமி ஐயர் வீட்டை விட்டே போய்விடுகிறார். அவருக்குச் சாமியார் கிடைக்கிறார், ஞானம் கிடைக்கிறது. இந்தப் பகுதிகளைக் கல்லூரியில் பயபக்தியோடு படித்தேன். இப்போது எனக்குப் பொறுமை இல்லை. அம்மா நேராகவே கேட்டுவிட்டாள்: "கமலாம்பாள் சரித்திரம்னு பேரு வெச்சுட்டு இவர் அந்த ஐயர் பின்னாடியே போறாரே? பிள்ளையைத் தொலைச்சவ வீட்டுல தனியா என்ன பண்ணினா? அதைச் சொல்லச் சொல்லு."

அவரிடம் சொல்ல நூற்று முப்பது வருஷம் தாமதம் என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

'சிவகாமியின் சபதம்' நாங்கள் முடிக்கவில்லை. என் தவறுதான். பள்ளி நாளில் அதைப் படித்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தவள் நான். வாதாபி எரிகிற வரை வர மாட்டேன் என்று சபதம் செய்து அவள் காத்திருக்கிறாள். ஒன்பது வருஷம் கழித்து வந்து பார்த்தால் மாமல்லருக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கின்றன. அந்த வயதில் அது எனக்குக் காவியக் காதல். இந்தத் தடவை இரண்டாம் பாகத்திலேயே எனக்குக் கோபம் வர ஆரம்பித்துவிட்டது. முடிவு தெரிந்த கோபம். "குரலே சரியில்லை உனக்கு, வேற எடு" என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

யமுனாவும் ஒரு கிணறும்

'மோகமுள்' எனக்கு மிகவும் பிடித்த நாவல் என்று முப்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். தி. ஜானகிராமன் எழுதிய கும்பகோணத் தெருக்களுக்காகவே இரண்டு தடவை அந்த ஊருக்குப் போய், காவிரிக்கரையில் சும்மா நடந்திருக்கிறேன். பாபு இசை கற்கப் போகிற ரங்கண்ணா வீடும், விடிகாலைத் தம்பூரா ஒலியும் கண்ணை மூடினால் வரும். பாபுவைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைப் பற்றி என் அபிப்பிராயம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இருபதில், 'இவளுக்கு என்ன இவ்வளவு அழுத்தம்!' என்று எரிச்சல். நாற்பதில், பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப்போன பிறகு ஒரு பெண் நிமிர்ந்து நிற்பதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று புரிந்தது.

அறுபதில் யமுனா இல்லை, தங்கம்மாள்தான் என்னை நிறுத்தினாள். கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண். பாபுவைத் தேடி வருகிறாள். அவன் பிறகு அவளை ஒதுக்கிவிடுகிறான். அவள் உயிரை விட்டுவிடுகிறாள். முன்பு படித்தபோதெல்லாம் இந்தப் பெண்ணைத் தாண்டி அடுத்து யமுனா எப்போது வருவாள் என்று பக்கம் புரட்டியிருக்கிறேன். பாபுவும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறான். அவன் செய்ததை நானும் செய்திருக்கிறேனே என்று தோன்றியதும் வாசிப்பதை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

அம்மாவுக்கு 'மோகமுள்' மொத்தமாகவே பிடிக்கவில்லை. "இந்தப் பாபு எப்பப் பார்த்தாலும் யோசிச்சுட்டே இருக்கானே, ஒரு நாளாவது வீட்டுக்குக் காய்கறி வாங்கிட்டு வந்தானா?" என்று கேட்டாள். அதோடு அந்தப் புத்தகம் முடிந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால், நமக்குப் பிடித்ததெல்லாம் பெற்றவளுக்கும் பிடிக்க வேண்டும் என்று சட்டமா?

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' மட்டும் நாங்கள் இருவரும் சேர்ந்து ரசித்தது. ரசித்தது என்பது சரியான வார்த்தையா என்று தெரியவில்லை. 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தபோது அம்மாவுக்கு வயது இருபத்துமூணு, கையில் ஒரு வயதுக் குழந்தையாக நான். மழை நாளில் கெடுக்கப்பட்டு வந்த பெண்ணின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் சொல்கிற கதை. தெருவில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்களாம். அதே தாய் அப்படிச் செய்யாமல் ஊர் கேட்கக் கத்தியிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் பிறகு வந்த நாவல். நாவலில் கங்கா ஒரு நாள் பத்திரிகையில் தன் கதையையே வேறு முடிவோடு படிக்கிறாள். ஜெயகாந்தன் இதை எப்படித்தான் யோசித்தாரோ!

"தண்ணி ஊத்தினது பெரிசில்லை. அதுக்கப்புறம் வாயை மூடிட்டு இருந்தாளே, அதுதான் பெரிசு" என்றாள் அம்மா. கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு நான் அந்த ஊத்தக் கூடாதுங்கிற கட்சியிலதான் இருந்தேன்" என்றாள்.

அரிசி டிரம்மில் இருந்த புத்தகம்

இனிச் சொல்ல வேண்டியது 'அம்மா வந்தாள்'.

1984. கல்லூரி இரண்டாம் வருஷம். நூலகத்திலிருந்து எடுத்து வந்து தலையணைக்கடியில் வைத்திருந்தேன். இருபது பக்கம் படித்திருப்பேன். மறுநாள் காணோம். தேடித் தேடிப் பார்த்தால், அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. "இதை இந்த வீட்டுல படிக்கக் கூடாது. திருப்பிக் குடுத்துட்டு வா." அம்மா அவ்வளவு கடுமையாகப் பேசி அதற்கு முன் கேட்டதில்லை. என்ன காரணம் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கணவன் இருக்க வேறொருவரோடு உறவு வைத்திருக்கிற தாயைப் பற்றிய நாவல். 1966-ல் வந்தபோதே பலருக்குக் கோபம் வந்த நாவல். பெண் பிள்ளை படிக்கக் கூடாது என்று அம்மா நினைத்தாள், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். பின்னால் வேலைக்குப் போனதும் முதலில் வாங்கிய புத்தகங்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவராமல் ஆபீஸ் மேஜையில் வைத்துப் படித்தேன்.

போன ஐப்பசியில், மழைக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது அம்மாவே கேட்டாள்.

"அந்தப் புத்தகம் உன்கிட்ட இருக்கா?"

"எதும்மா?"

"அரிசி டிரம்முல போட்டேனே, அது."

படித்தேன். காவிரிக்கரையில் சித்தன்குளம் வேத பாடசாலை. பவானியம்மாள். அங்கே வளர்கிற அப்பு. அவனுக்காகவே உயிரை வைத்திருக்கிற இந்து. படிப்பு முடிந்து வீடு திரும்புகிற அப்புவுக்குத் தாய் அலங்காரத்தம்மாளின் ரகசியம் தெரியவருகிறது. சிவசு வீட்டுக்கு வந்துபோகிற பக்கங்களை எப்படி அம்மா முன்னால் சத்தமாகப் படிப்பது என்று எனக்கு முந்தின நாளே கவலை. இரண்டு இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். "காது நல்லாத்தான் கேக்கறது, முழுங்காமப் படி" என்றாள்.

அந்தப் பக்கங்களில் அம்மா எதுவும் சொல்லவில்லை. அவள் "நிறுத்து" என்றது வேறொரு இடத்தில். தன் தப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் அந்தப் பிள்ளையைச் சின்ன வயதிலேயே வேதம் படிக்கத் தூரமாக அனுப்பினாள் என்று துலங்குகிற இடம்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.

"எட்டு வயசுல அனுப்பினேன்" என்றாள் அம்மா.

அப்பு இல்லை, என் அண்ணனைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவே சில நொடி ஆயிற்று.

எங்கள் குடும்பக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பா கணக்கு எழுதிய அரிசி மில் 1970-ல் மூடிவிட்டது. கஷ்டம். திருச்சியில் பெரியப்பா வீட்டில் வசதி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணனை ஒரு வருஷம் அங்கே படிக்கட்டும் என்று கொண்டு விட்டார்கள். ஒரு வருஷம் பதினோரு வருஷமாயிற்று. பெரியம்மாவையும் அவன் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவான். லீவில் வந்தால் எங்கள் வீட்டில் விருந்தாளி மாதிரி பாயின் ஓரத்தில் உட்காருவான். வேலை, கல்யாணம், கோயம்புத்தூர் என்று அவன் வாழ்க்கை தனியாகப் போய்விட்டது. பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. மாதம் தவறாமல் பணம் வரும். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். இரண்டு நிமிஷம். மருந்து இருக்கிறதா, டாக்டரைப் பார்த்தாயிற்றா.

"வீட்டுல சோறு இல்லாம அனுப்பலைடி. அவனுக்கு ஒரு பிடி எப்படியாவது போட்டிருப்பேன். உங்க பெரியப்பாகிட்ட உங்கப்பா கடன் வாங்கியிருந்தார். திருப்ப முடியலை. 'பையனை இங்க விடு, பணத்தைப் பத்திப் பேச வேண்டாம்'னு உங்க பெரியம்மா சொன்னா. சரின்னுட்டேன். உங்கப்பா ரெண்டு நாள் பேசலை. நான்தான் சரின்னேன்."

அரிசி டிரம்மில் புத்தகத்தை எதற்காக ஒளித்தாள் என்று நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்தது. எனக்கு முன்னாலேயே அவள் அதைப் படித்திருக்கிறாள். ஊர் முழுக்க அந்த நாவலில் பார்த்தது ஒரு பெண்ணின் தப்பான உறவை. எங்கள் அம்மா பார்த்தது, பிள்ளையைக் கொண்டு விட்டுவிட்டுத் திரும்பி நடந்த ஒருத்தியை. இலக்கியக் கட்டுரைகளில் அலங்காரத்தம்மாளைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இப்படி ஒரு வாசிப்பை நான் கண்டதில்லை. கோபமும் வந்தது, ஒளிக்கவில்லை. 'நான்தான் சரின்னேன்' என்பதை அவள் சொன்ன விதத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. பழுவேட்டரையரை அவளுக்கு ஏன் பிடித்தது என்று அப்போதுதான் உறைத்தது.

"மேல படிக்கவா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அவன் பொங்கலுக்கு வருவானில்ல? மீதியை அவனைப் படிக்கச் சொல்லு."

அண்ணனுக்கு நாவல் படிக்கிற பழக்கமே கிடையாது. தினசரியில் வர்த்தகப் பக்கத்தோடு சரி. மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் மூணு மணிக்கு, "அம்மாவுக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டுண்ணா, எனக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை. ஆபீஸ் சர்க்குலர் படிப்பது மாதிரி ஒரே மூச்சில் படித்தான். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதற்கும் மரியாதை இல்லை. பத்துப் பன்னிரண்டு பக்கம் போனதும் வேகம் தானாகக் குறைந்தது. பிறகு நின்றது.

அம்மா காத்திருந்தது போலச் சொன்னாள். கடன் வாங்கியது, பெரியம்மா கேட்டது, தான் சரி என்றது. என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருப்பாள்.

அண்ணன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்மா. பெரியம்மா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப சொன்னா. பதினஞ்சு வருஷமாச்சு."

"ஏன்டா என்கிட்ட கேக்கலை?"

"நீயா சொல்வேன்னு இருந்தேன்."

அண்ணி அடுப்படி வாசலில் காபி டம்ளரோடு நின்றுவிட்டார். அம்மா கையை நீட்டினாள். நேராகப் பார்த்தால் அவன் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் அவனைத் தேடினாள். அவன் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டான். அழுகையோ கட்டிக்கொள்வதோ எங்கள் வீட்டில் வழக்கமில்லை. "எங்க விட்டேன்?" என்று வரியைத் தேடி மறுபடி படிக்க ஆரம்பித்தான். இந்தத் தடவை முற்றுப்புள்ளியில் நின்றான்.

ஊருக்குப் போகும்போது புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். என் புத்தகம், கேட்கவும் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் இரண்டு நிமிஷமில்லை. ஸ்பீக்கரில் போட்டு அம்மா மடியில் வைத்துவிடுவேன். நாலு பக்கம், சில சமயம் ஆறு பக்கம். நடுவில் குக்கர் சத்தம் கேட்கும், அண்ணி ஏதாவது கேட்பார். 'இந்து' வருகிற இடங்களை இன்னமும் அவசரமாகத் தாண்டிப் போகிறான். கூச்சம். அம்மா விடுவதில்லை. "முழுங்காமப் படிடா" என்கிறாள். அலங்காரத்தம்மாள் காசிக்குக் கிளம்புகிற இடம் இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது.

இதையெல்லாம் எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். "எழுது. ஆனா பர்பி கதையைப் போடாதே" என்றாள் அம்மா. போட்டுவிட்டேன். அண்ணன், "என் பேரைப் போடாதே" என்றதோடு சரி.

வார நாட்களில் வழக்கம்போல என் முறை. நேற்று 'கமலாம்பாள் சரித்திர'த்தை மறுபடியும் எடுக்கச் சொன்னாள். அந்தச் சின்னப் பையன் எங்கேயாவது கமலாம்பாளைப் பற்றி எழுதியிருப்பான், நான்தான் தாண்டிப் படித்திருப்பேன் என்று அவளுக்குச் சந்தேகம்.